விருந்துக்கொரு தொடுகறி

சோற்றுக்கோ தோசைக்கோ தொட்டுக்கொள்ளும் துணையுணவைத் தமிழ் தொடுகறி என்று வழங்குகிறது; ரொட்டித் துண்டையோ பிஸ்கட்டையோ தோய்த்து உண்ணும் ‘டிப்’ என்னும் குழைவான கலவையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அமெரிக்க விருந்துகளில் இடம்பெறும் மாட்டிறைச்சி டிப், கிரீம் சீஸ் எனப்படும் மென்மையான பாலாடைக்கட்டியில் இறைச்சியைக் கலந்து சூடாக்கிச் செய்யப்படுவதாகும். பாலாடைக்கட்டிக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலைச் சேர்த்தால், மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்து நாவுக்குப் பழகிய ரெண்டாங் என்னும் இறைச்சிக்கறியின் சாயலில் அதே பண்டம் உருவாகிறது.

மலாயாவின் அவசரகாலத்தில் (1948–1960) தோன்றிய புதுக்கிராமங்களுள் ஒன்றான, கிள்ளானிலுள்ள பண்டமாரானில், தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு ஆகிய நாள்களில் நடைபெறும் திறந்த இல்ல உபசரிப்புக்குப் பல இனத்தவரும் வருவதால், எந்த இறைச்சி என்பதே முதலில் தீர்க்கவேண்டிய கேள்வியாகிறது. இந்துக்கள் பலரும் சீனருள் ஒரு சாராரும் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பர்; முஸ்லிம்களுக்கு அது ஹலால், அதாவது சமய விதிப்படி அறுக்கப்பட்டதாக, இருத்தல் வேண்டும். மலேசியச் சந்தையில் விலை மலிவாகக் கிடைக்கும் உறைய வைத்த இறைச்சியில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வரும் எருமை இறைச்சியே. ஆட்டிறைச்சியிலும் இதே முறையில் சமைக்கலாம் என்பதால், இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் செய்து, பெயரெழுதி, வெவ்வேறு கரண்டியுடன் வைப்பது விருந்தாளிக்குக் காட்டும் மரியாதையாகும்.

இச்சமையலில் எண்ணெய் பிரிவது ஓரிடத்தில் குணமாகவும் மற்றோரிடத்தில் குற்றமாகவும் அமைகிறது. அரைத்த சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, காய்ந்த மிளகாய் ஆகியவற்றை வதக்கும்போது, நீர் வற்றி எண்ணெய் ஓரங்களில் கசியும் நிலையை மலாய்க்காரர் ‘பெச்சா மின்யாக்’ என்பர். அதுவரை வதங்காத மசாலாவில் பச்சை வாடை போகாது. அதன்பின் 500 கிராம் கொத்திய இறைச்சியையும் இரண்டு மேசைக்கரண்டி இறைச்சி மசாலைத் தூளையும் சேர்த்து, இறைச்சி நன்கு வெந்ததும் 200 மில்லிலிட்டர் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றவேண்டும். தேங்காய்ப்பால் என்பது கொழுப்புத் துளிகளைப் புரதம் சூழ்ந்து நீரில் மிதக்கவிட்ட கலவை. கடுங்கொதியில் அப்புரதம் திரிந்துவிட, கொழுப்பு தனியே மேலெழுந்து குழைவு கெடும். எனவே தீயைக் குறைத்து, கைவிடாமல் கிளறுவது அவசியம். பாலாடைக்கட்டி சேர்ப்பவர்க்கும் இவ்விதி பொருந்தும்.

கலவையைக் கெட்டியாக்குவது கெரிசிக். தேங்காய்த் துருவலை வெறும் சட்டியில் பழுப்பேற வறுத்து, சூடு ஆறுமுன் உரலில் இடித்தால், முதலில் பொடியாகி, பின்னர் எண்ணெய் கசிந்து, கரும்பழுப்பு விழுதாகத் திரளும். அதில் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் குழம்பு இறுகி, தோய்த்த ரொட்டியிலிருந்து வழியாமல் ஒட்டிக்கொள்ளும்.

விருந்து நீளும் நாளில் சூட்டைக் காப்பதும் சமையலின் பகுதியே. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுமாதலால், பாத்திரத்தை வெந்நீர்த் தட்டின் மேலோ சிறு அடுப்பிலோ வைத்து 60 பாகைக்கு மேல் காக்கவேண்டும். சூடின்றி வெளியில் வைத்தது இரண்டு மணி நேரத்தைக் கடக்கலாகாது. வெப்பம் 32 பாகையைத் தாண்டும் கிள்ளான் பகலில் அவ்வரம்பு ஒரு மணி நேரமே. அதற்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் சென்ற மிச்சம், மறுநாள் காலை ஆவி பறக்கச் சூடாக்கப்பட்டு ரொட்டி சானாய்க்குத் தொடுகறியாகிவிடும்.