உதவத் தயங்கும் கூட்டம்: உளவியலும் சட்டமும்

விபத்திலோ குற்றத்திலோ சிக்கியவரைச் சுற்றிப் பலர் நின்றும் எவரும் உதவ முன்வராமை, இரக்கமின்மையாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொல்லப்பட்டபோது 38 பேர் வாளாவிருந்தனர் என்ற செய்தி மிகையானது எனப் பின்னர் தெளிவாயிற்று. எனினும் அது ஆய்வுக்கு வித்திட்டது. ஜான் டார்லி, பிப் லட்டானே ஆகியோர் 1968இல் வெளியிட்ட சோதனையில், தனியறையில் இருந்தோர் வலிப்புற்றவருடையதாக அமைக்கப்பட்ட குரலை ஒலிக்கருவி வழியே கேட்டனர். தாம் மட்டுமே கேட்பதாக நம்பியோரில் 85 விழுக்காட்டினர் வலிப்பு அடங்குமுன் தகவல் தெரிவித்தனர். வேறு நால்வரும் கேட்பதாக நம்பியோரில் 31 விழுக்காட்டினரே தெரிவித்தனர். பொறுப்பு பலர்மீது பகிரப்படுகையில் ஒவ்வொருவர் பங்கும் சிறுத்துவிடுகிறது என்பதே இதற்கான விளக்கம்.

இந்தியச் சாலைகளில் இதனோடு காவல்நிலைய விசாரணை, நீதிமன்ற அலைச்சல் பற்றிய அச்சமும் சேர்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும் நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குப் பாதுகாப்பளிக்கின்றன. அவர்கள் தம் பெயரை வெளியிட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆயினும் சட்டம் அச்சத்தைக் குறைக்கலாமேயன்றிப் பொறுப்பு சிதறுவதைத் தடுக்க இயலாது. கூட்டத்தை நோக்கிப் பொதுவாகக் கூவாமல், ஒருவரைச் சுட்டி ‘நீங்கள் 108ஐ அழையுங்கள்’ எனக் கேட்க முதலுதவிப் பயிற்சிகளில் கற்பிப்பதே சட்டம் எட்டாத இவ்விடத்தை நிரப்பும்.