சந்திரா பார்த்த நட்சத்திரக் குழந்தைகள்

இந்த எபிசோடில் நேரம் போதாமல் விட்ட கதை இது.

ஜனவரி இரவில் மார்க்கம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஃபோனை வைத்துவிட்டுத் தெற்கே ஒருக்கா பாருங்கோ. வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும். அதுதான் ஓரியனின் இடுப்புப் பட்டி. அம்மாவின் பஞ்சாங்கத்தில் வரும் திருவாதிரை, அதே ஓரியனின் தோளில் இருக்கும் சிவப்பு நட்சத்திரம். பட்டிக்குக் கீழே, நல்ல இருட்டில் புகை மாதிரித் தெரிவது ஓரியன் நெபுலா. சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்தில், நட்சத்திரங்கள் பிறக்கிற இடம்.

ஒரு நட்சத்திரம் வளர்வதை இருந்து பார்க்க முடியாது. பல இலட்சம் ஆண்டு வேண்டும். ஆனால் ஸ்காபரோவில் ஒரு கலியாண ஹோலுக்குள் போனால், கைக்குழந்தையிலிருந்து அம்மம்மா வரை எல்லா வயதும் ஒரே படத்தில் விழும். 2003 ஜனவரியில் சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி எடுத்ததும் அப்படி ஒரு படம்தான். கிட்டத்தட்ட 13 நாள் ஓரியன் நெபுலாவையே பார்த்து, எக்ஸ்ரே வீசும் 1,600க்கு மேற்பட்ட புள்ளிகளைப் பதிவுசெய்தது. பெரும்பாலானவை இளம் நட்சத்திரங்கள்.

ஏன் எக்ஸ்ரே? முதல் கட்டத்தில் நட்சத்திரம் தூசிப் போர்வைக்குள் மூடிக் கிடக்கும். சாதாரண ஒளி வெளியே வராது. சக்தி கூடிய எக்ஸ்ரே வரும். பிறகு போர்வை விலகி, சுற்றிவர ஒரு தட்டு மிஞ்சும். கோள்கள் உருவாவது அதில்தான். சில மில்லியன் ஆண்டுகளில் தட்டும் கரைந்துவிடும். தட்டு உள்ளவற்றைவிட, அதை இழந்தவை எக்ஸ்ரேயில் சராசரியாகக் கொஞ்சம் கூடப் பிரகாசம்.

காரணம் காந்தப்புலம். இளம் நட்சத்திரம் வேகமாகச் சுழலும். காந்தக் கோடுகள் முறுகி, அறுந்து, மீண்டும் இணையும்போது வாயு கோடிக்கணக்கான பாகை சூடாகும். சூரியனைப் போன்ற இளம் நட்சத்திரங்கள் இன்றைய சூரியனைவிட ஆயிரம் மடங்களவு எக்ஸ்ரே வீசும். ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு பெரிய வெடிப்பு. அந்தக் கதிர் தட்டிலும் படும். கோள்கள் உருவாகும் வாயுவைச் சூடாக்கி மாற்றும். 460 கோடி ஆண்டுக்கு முன் எங்கட சூரியனும் இப்படிக் குழப்படி செய்திருக்கும்.

தொலைநோக்கியின் பெயர், மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்து, 1930இல் 19 வயதில் கப்பலேறி, 1983இல் நோபல் பரிசு வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. 1999 ஜூலை 23இல் விண்ணுக்குப் போனது. 2024 மார்ச்சில் நாசா, அதன் ஆண்டுச் செலவை சுமார் 6.8 கோடி டொலரிலிருந்து 4.1 கோடியாகக் குறைக்க முன்மொழிந்தது. ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள், வேலை தொடர்ந்தது.

கொன்ட்ராக்டில் வேலை செய்கிற எனக்கு "பழைய சிஸ்டம், செலவு கூட" என்ற கதை நல்ல பழக்கம். சிலநேரம் அது சரியும்தான். ஆனால் நிற்பாட்டுவதற்கு முதல் மாற்று சிஸ்டம் ஓடவேண்டும், இல்லையா? நெருக்கி நிற்கும் அந்தக் குழந்தைகளை எக்ஸ்ரேயில் இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்ட இன்னொரு தொலைநோக்கி இல்லை.