சிகரட்டை விட்ட கரம் கருவியைப் பற்றும்போது



புகைத்தலின் தீமை பற்றிய உரைகளை நீங்கள் நிறையவே கேட்டிருப்பீர்கள். சிகரட்டை விட்டுவிட்ட ஒருவனுக்கு அதன் பின்னர் என்ன நேர்கிறது என்பதைப் பற்றியோ நாம் பேசுவது மிகக் குறைவு. "அவன்தான் விட்டுவிட்டானே, இனி என்ன கவலை?" என்று குடும்பத்தார் நிம்மதி அடைகின்றனர். ஆனால் விட்டவனுடைய அறையில் ஒரு மேசையும், அதன்மேல் சின்னஞ்சிறு கம்பிச் சுருள்களும், பஞ்சும், திருப்புளியும், பலவித வாசனைத் திரவப் போத்தல்களும், நான்கைந்து உலோகக் கருவிகளும் சேர்ந்துகொண்டே போவதை யாரும் கேட்பதில்லை. இன்று நாம் ஆராய இருப்பது இந்த மேசையைப் பற்றித்தான்.

இலத்திரனியல் சிகரட், அதாவது 'வேப்' என்று இளைஞர்கள் அழைக்கும் இக்கருவி எப்படி வந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் ஹேர்பர்ட் கில்பர்ட் என்பவர் 1960களிலேயே புகையில்லாச் சிகரட் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அது சந்தைக்கு வந்து நிலைக்கவில்லை. இன்று நாம் காணும் கருவியை 2003ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் சீனாவைச் சேர்ந்த ஹொன் லிக் என்னும் மருந்தாளர். அவரும் கடுமையாகப் புகைத்தவர்; அவருடைய தந்தையாரும் புகைத்து, நுரையீரல் புற்றுநோயினால் மரணித்தவர். புகையிலிருந்து மீள்வதற்கான வழியாகவே இது தோன்றியது என்பதை நாம் மறுக்கலாகாது.

இதன் செயற்பாடு எளிமையானது. ஒரு பெட்டரி, அதிலிருந்து வரும் மின்சாரத்தால் சூடாகும் கம்பிச் சுருள், அச்சுருளின் நடுவே திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சு. திரவத்தில் இருப்பவை புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனைப் பொருட்கள், பெரும்பாலும் நிக்கொட்டின். சுருள் சூடேறியதும் திரவம் ஆவியாகிறது; அதனை இழுக்கின்றனர். சிகரட்டில் நடப்பதோ எரிதல். புகையை இழுக்கும் கணத்தில் அதன் நுனி ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வரை கொதிக்கிறது. அந்த எரிதலில்தான் தாரும், காபன் மொனொக்சைட்டும், 7,000க்கும் மேற்பட்ட இரசாயனங்களும் பிறக்கின்றன. அவற்றுள் 70 வரையானவை புற்றுநோய் உண்டாக்குபவை. வேப் கருவியில் புகையிலை எரிவதில்லை. ஆகவே சிகரட்டை முற்றாக நிறுத்தி இதற்கு மாறியவனுடைய உடல் பெரும் விஷச் சுமையொன்றிலிருந்து விடுபடுகிறது என்பது உண்மை. இது தீங்கற்றது என்று சொல்லவில்லை. பல்லாண்டுகள் இழுத்தால் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் என்ன ஆகும் என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. எனினும் மகன் எடுத்துவைத்த முதல் அடியைப் பெற்றோர் அற்பமாக எண்ணக் கூடாது.

இவ்விடத்தில் ஓர் ஆய்வைக் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தில் புகைத்தலை நிறுத்த உதவி நாடி வந்த 886 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நிக்கொட்டின் ஒட்டுப்பட்டி, மெல்லும் பசை போன்ற மருந்துகளையும், மற்றப் பிரிவினருக்கு இலத்திரனியல் சிகரட்டையும் கொடுத்தனர். 2019இல் முடிவு வெளியானது. ஓராண்டின் பின் மருந்துப் பிரிவில் 9.9 சதவீதத்தினரும், கருவிப் பிரிவில் 18 சதவீதத்தினரும் சிகரட்டை விட்டிருந்தனர். கருவிக்கு இது பெரும் வெற்றி. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு கணக்கைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. அவ்வாறு விட்டவர்களுள், மருந்துப் பிரிவில் ஓராண்டின் பின்னும் மருந்தைப் பாவித்துக்கொண்டிருந்தவர்கள் 9 சதவீதம் மட்டுமே. கருவிப் பிரிவிலோ 80 சதவீதத்தினர் கருவியை இன்னும் கையில் வைத்திருந்தனர்!

ஒட்டுப்பட்டியை எவரும் நேசிப்பதில்லை. வேலை முடிந்ததும் பிய்த்து எறிந்துவிடுகின்றனர். கருவியை ஏன் எறிய முடிவதில்லை?

ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, அதாவது 20 சிகரட் புகைத்தவரை எடுத்துக்கொள்வோம். ஒரு சிகரட்டுக்குப் பத்து இழுவை எனக் கொண்டால், நாளொன்றுக்கு 200 முறை அவருடைய கை வாயை நோக்கிச் சென்றிருக்கிறது. ஆண்டுக்கு 73,000 முறை! நிக்கொட்டின் இல்லாவிட்டாலும் அந்தக் கைக்கு ஒரு வேலை தேவைப்படுகிறது. தேநீர் அருந்திய பின்னும், வேலைத்தலத்தின் இடைவேளையிலும், நண்பர்கள் கூடும்போதும் ஒரு வெற்றிடம் தோன்றுகிறது. அந்த வெற்றிடத்தில் கருவி வந்து அமர்கிறது. அதுவரைக்கும் அது மருந்துதான்.

இதற்கு அப்பால்தான் வேறொரு கதை ஆரம்பிக்கிறது. முதற் கருவி சற்றுக் கசிகிறது, இன்னொன்று வாங்கப்படுகிறது. அதற்கு வலிமையான பெட்டரி தேவை. பின்னர் ஆயத்தச் சுருள் விலை அதிகம் என்று, கம்பி வாங்கித் தானே சுற்றப் பழகுகிறார். காந்தல் கம்பியா, நிக்ரோமா, துருப்பிடிக்கா உருக்கா? ஒரு கம்பியின் மேல் இன்னொரு மெல்லிய கம்பியைக் கிட்டார் நரம்பைப் போல் சுற்றினால் அதற்கு 'கிளாப்டன்' என்று பெயர். கிட்டார் இசைக் கலைஞர் எரிக் கிளாப்டனின் பெயரையே சூட்டிவிட்டனர். பஞ்சும் கடைப்பஞ்சு அல்ல, ஜப்பானியப் பஞ்சு. பெரும் மேகமாக ஆவியை ஊதும் போட்டிகள்கூட மேலை நாடுகளில் நடத்தப்பட்டன. புதிய கருவிகளைப் பெட்டி பிரித்துக் காட்டும் காணொளிகள் எண்ணிலடங்கா. நமது பிள்ளைகளுக்கு இவையெல்லாம் கைத்தொலைபேசி வழியாகவே வந்து சேர்கின்றன. வளைகுடாவிலும் இங்கிலாந்திலும் தொழில் புரியும் உறவினர்களின் பயணப் பைகளிலும் சில கருவிகள் வந்திறங்குகின்றன. ஐக்கிய அரபு இராச்சியத்தில் இவற்றின் விற்பனை 2019 முதல் சட்டபூர்வமானது என்பதால், அங்கிருந்து வருபவர்கள் இதில் பிழையேதும் காண்பதில்லை.

சிகரட்டைப் பற்றி யாருமே இவ்வளவு கற்கவில்லை. புகைப்பவன் தன்னைக் குறித்து வெட்கமடைந்தான், ஒளிந்து புகைத்தான், தந்தையைக் கண்டால் பின்னால் மறைத்தான். கருவிக்காரனோ நிபுணன் ஆகிவிடுகிறான். ஓமின் விதி தெரியும். தடையை அளக்கத் தெரியும். நண்பர்கள் அவனிடம் ஆலோசனை கேட்கின்றனர். வெட்கம் இருந்த இடத்தில் பெருமை வந்துவிட்டது. ஒரு பழக்கத்தை விடுவதற்கு வெட்கம் ஓரளவு உதவி செய்யும். பெருமை ஒருபோதும் உதவி செய்யாது. என் அபிப்பிராயத்தில், நிக்கொட்டினைவிட இதுவே பலமான பூட்டு.

பொருட்களைத் தேடிச் சேர்ப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு. அது வேப் கருவியுடன் மட்டும் பிறந்ததல்ல. கமரா, தூண்டில், கைக்கடிகாரம், புறா என்று பலரும் பலவற்றில் மூழ்குகின்றனர். ஏன், கிதாபுகளை வாசிப்பதைவிட வாங்கி அடுக்குவதில் மகிழ்பவர்களும் இருக்கின்றனர்! அடுத்தது இதைவிடச் சிறப்பாக இருக்கும் என்னும் எதிர்பார்ப்பே இந்த இன்பம். கிடைத்த மறுநாள் அது தணிந்துவிடுகிறது. ஆனால் தூண்டில் சேர்ப்பவனுக்கும் வேப் கருவி சேர்ப்பவனுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. பின்னவனுடைய பொழுதுபோக்கு இயங்க வேண்டுமாயின், அவன் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். புதிய சுருளைச் சோதித்துப் பார்க்க வேறு வழியில்லை. நிறுத்தினால் அந்த மேசை, அந்த அறிவு, அந்த நட்பு அனைத்தும் பெறுமதியற்றுப் போகும். ஆக, பழக்கத்தை விடுவதற்கென வாங்கிய கருவியே பழக்கத்தை விடாதிருப்பதற்குக் காரணமாகிவிடுகிறது.

"நான் நிக்கொட்டினைக் குறைத்துவிட்டேன்" என்று இவர்கள் கூறுவதுண்டு. இக்கூற்றைச் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். சிறிய கருவியில் மில்லிலீற்றருக்கு 18 மில்லிகிராம் நிக்கொட்டின் உள்ள திரவத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 2 மில்லிலீற்றர் பாவித்தார் எனில், செலவாகும் நிக்கொட்டின் 36 மில்லிகிராம். பெரிய கருவிக்கு மாறியதும் 3 மில்லிகிராம் திரவம் போதுமாகிவிட்டது. ஆனால் அக்கருவி மேகம் மேகமாகக் கக்குவதற்கு நாளொன்றுக்கு 12 மில்லிலீற்றர் குடிக்கிறது. மூன்றைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். அதே 36! போத்தலில் எழுதப்பட்ட இலக்கம் குறைந்தது. செலவான நிக்கொட்டின் குறையவில்லை. திரவச் செலவோ ஆறு மடங்காயிற்று. எனவே போத்தலின் பலத்தை மட்டும் பாராமல், ஒரு கிழமைக்கு எத்தனை மில்லிலீற்றர் முடிகிறது என்பதையும் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும்.

மார்க்கம் இதில் தொடுகின்ற இடம் தெளிவானது. உடலுக்குத் தீங்கு ஒரு புறமிருக்க, வீண்விரயம் என்னும் கேள்வி இருக்கிறது. சிகரட்டுக்குச் செலவான பணம் மிச்சமாகிறது என்று தொடங்கியவர், ஆறு மாதத்தில் அதைவிடக் கூடுதலாகக் கருவிக்குச் செலவழித்திருந்தால் அந்த மிச்சம் எங்கே? இஷாவுக்குப் பின் குடும்பத்தோடு இருக்க வேண்டிய ஒன்றரை மணி நேரம் கம்பி சுற்றுவதில் கழிந்தால் அதனை யாருடைய கணக்கில் எழுதுவது? ரமழானை நினைத்துப் பாருங்கள். சஹர் முடிந்தது முதல் மஃரிப் வரை, நமது நாட்டில் பதின்மூன்று மணித்தியாலங்களுக்கும் மேல், இதே மனிதர் ஒரு தடவையும் இழுக்காமல் இருக்கிறார். அவரால் இயலும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழத்துக்கு அடுத்ததாகக் கை எதைத் தேடுகிறது என்பதை அவர் தாமே கவனித்தால், தம் நிலையை எவரிடமும் கேட்க வேண்டிய அவசியமும் இராது.

பாதுகாப்புப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதில் அறியாமை உயிரைப் பறிக்கும். மின்சுற்றுப் பாதுகாப்பு எதுவுமில்லாத 'மெக்கானிக்கல்' வகைக் கருவிகள் உண்டு. அவற்றில் பெட்டரிக்கும் சுருளுக்கும் இடையில் ஓர் ஆளியைத் தவிர வேறொன்றுமில்லை. முழுதாக ஏற்றப்பட்ட லித்தியம் பெட்டரியின் அழுத்தம் 4.2 வோல்ட். சுருளின் தடை 0.2 ஓம் ஆனால் 21 அம்பியர் பாய்கிறது, 0.1 ஓம் ஆனால் 42 அம்பியர். 18650 எனப்படும் பெட்டரிகளுள் பல, தொடர்ச்சியாக 20 அம்பியரைக்கூடத் தாங்கா. மேலுறை கிழிந்த பெட்டரியும், சாவிக் கொத்தோடு சட்டைப் பையில் கிடக்கும் பெட்டரியும் அவ்வாறே ஆபத்தானவை. அமெரிக்காவில் 2018 மே மாதம் புளோரிடாவிலும், 2019 ஜனவரியில் டெக்சாஸிலும் இத்தகைய கருவிகள் வெடித்து இருவர் மரணித்தனர். நிக்கொட்டின் திரவமோ, பழ வாசனையுடன் இருப்பினும், சிறு பிள்ளை அருந்திவிட்டால் கடும் நஞ்சு. தம்பி தங்கையர் உள்ள வீட்டில் அந்தப் போத்தல் மேசைமேல் இருக்கலாகாது.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மிகைப்படுத்திப் பேசாதீர்கள். 2019இல் அமெரிக்காவில் வேப் பாவித்த 2,800க்கும் மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்பினால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, அவர்களுள் 68 பேர் மரணித்ததை எடுத்துக்காட்டிச் சிலர் அச்சுறுத்துகின்றனர். அந்நிகழ்வுக்குப் பெரும்பாலும் காரணமாயிருந்தது கஞ்சாச் சத்துள்ள திரவங்களில் கலக்கப்பட்ட விற்றமின் ஈ அசற்றேற்று என்னும் எண்ணெய்ப் பொருள் என்பது பின்னர் தெரியவந்தது. உங்கள் மகன் இதனை அறிந்திருப்பான். நீங்கள் ஒன்றைப் பிழையாகச் சொன்னால், சரியாகச் சொல்லும் மற்ற ஒன்பதையும் அவன் கேட்க மாட்டான். "சிகரட்டும் இதுவும் ஒன்றுதான்" என்று திட்டினால், "அப்படியாயின் சிகரட்டே மலிவு" என்று அவன் திரும்பிப் போகவும் கூடும். ஒருபோதும் புகைத்திராத பிள்ளை வேப் இழுப்பது முற்றிலும் வேறு விடயம். அவன் எதிலிருந்தும் மீளவில்லை, புதிதாக ஒன்றில் விழுகிறான். அவனிடம் கண்டிப்பாகவே இருங்கள். நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதைத் தடுக்கிறது என்பதையும் அறிந்திருங்கள்.

சிகரட்டை விட்டு இக்கருவியில் நிற்கும் சகோதரரே, உம்மிடம் கேட்பது ஒன்றே: இதற்கு ஒரு முடிவுத் தேதி வைத்திருக்கிறீரா? கால் முறிந்தவன் ஊன்றுகோல் வாங்குவதில் குறையில்லை. கால் கூடிய பின்பும் வெள்ளிப் பிடி போட்ட ஊன்றுகோல் தேடுவதுதான் விசித்திரம். இன்று முதல் புதிய கருவி எதுவும் வாங்குவதில்லை என்று முதலில் நிறுத்துங்கள். உள்ளவற்றில் மிக எளிமையான, பாதுகாப்பான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அகற்றுங்கள். காணொளிகளையும் கருவிக் குழுக்களையும் விட்டு விலகுங்கள். ஆசை அங்கிருந்துதான் தினமும் ஊட்டப்படுகிறது. வீட்டுக்குள்ளும் வாகனத்திலும் இழுப்பதில்லை என்று எல்லை வகுத்து, இரு இழுவைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை மெல்ல மெல்ல நீட்டுங்கள். அதன் பிறகு திரவத்தின் பலத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். ஆனால் அளவு கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீண்டும் சிகரட் பக்கம் மனம் சாய்வதாகத் தெரிந்தால் ஒரு படி நின்று, வைத்தியரிடம் பேசிவிட்டுத் தொடருங்கள். அவசரப்பட்டு விழுவதைவிட மூன்று மாதம் கூடுதலாக எடுப்பது மேல்.

கைக்கு வேறொரு வேலையும் தேவைப்படும். சுருள் சுற்றிய விரல்களுக்கு நுணுக்கம் பழக்கமாகிவிட்டது. வானொலிப் பெட்டி திருத்துதல், மின்விளக்கு வேலை, மரவேலை என எதையேனும் அவ்விரல்களுக்குக் கொடுங்கள். வெறுமனே "விடு" என்று சொல்லப்பட்ட கை நெடுநாள் சும்மா இராது.

அகற்றும் கருவிகளை இளைய சகோதரனுக்கோ, புகைக்காத நண்பனுக்கோ அன்பளிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். விற்பதாயினும், வாங்குபவன் யார் என்று பாருங்கள். லித்தியம் பெட்டரிகளைக் குப்பையோடு சேர்க்காமல், இரு முனைகளையும் ஒட்டுநாடாவால் மூடி, இலத்திரனியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். எஞ்சிய திரவத்தைக் கிணற்றடியிலோ வடிகாலிலோ ஊற்ற வேண்டாம். மூடி இறுகிய போத்தலிலேயே வைத்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அதனையும் அவ்வாறே அப்புறப்படுத்துங்கள்.