சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதவை. உணவின் அருமையைப் பசி உணர்த்தும். உடையின் அருமையைக் குளிர் உணர்த்தும். இடத்தின் அருமையோ அதனை இழந்தவர்க்கே நன்கு விளங்கும். நகரம் உறங்கும் நள்ளிரவில், புகைவண்டி நிலையத்து வாயிலிலும் கடைத்தெருவின் படிகளிலும் பாலங்களின் அடியிலும் பலர் முடங்கிக் கிடப்பதைக் காண்கிறோம். அவர்கட்கு ஊரார் செய்ய வேண்டுவது யாது? இவ்வினா இன்று தோன்றியதன்று.

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை இதற்கு விடை கூறுகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை, புகார் நகரில் ஆதரவற்றோர் தங்கிய உலகவறவி என்னும் அம்பலத்தை அடைந்து, அவர்தம் பசியைப் போக்கினாள். பின்னர்ச் சிறைக்கோட்டத்தில் வாடியோர்க்கும் உணவளித்தாள். இச்செய்தியைக் கேட்ட சோழ மன்னன் அவளை வரவழைத்து, அவளுக்கு வேண்டுவது யாது என வினவினான். அவள் பொன்னையோ பொருளையோ கேட்டாளல்லள்; சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு வேண்டினாள். மன்னனும் இசைந்தான். ஒரு வேளைச் சோற்றோடு அறம் நிறைவுறாது, துயருற்றோர்க்கு நிலையான புகலிடமும் வேண்டும் என்பதே இக்கதை உணர்த்தும் உண்மை.

பசித்தோர்க்கு உணவளிக்கும் மரபு தமிழகத்தில் இடையறாது வந்துள்ளது. 1782ஆம் ஆண்டில் பஞ்சம் வாட்டிய காலத்தில், சென்னையில் ஏழைகட்குக் கஞ்சி வார்க்க ஓரிடம் அமைந்தது. மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்ற அவ்விடத்தில், நாளடைவில் நோயாளர்க்கு மருத்துவமும் நடைபெறலாயிற்று. அதன் வழியில் வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னை மக்கள் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று வழங்குவதன் காரணம் இதுவே. 1867ஆம் ஆண்டில் வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது.

எனினும், அரசுகள் எப்போதும் மணிமேகலையின் வழியையே பின்பற்றின எனல் இயலாது. இரத்தலைக் குற்றமாகக் கொண்ட சட்டங்களும் எழுந்தன. சென்னை மாகாணத்தில் 1945ஆம் ஆண்டிலும், பம்பாயில் 1959ஆம் ஆண்டிலும் பிச்சை எடுத்தலைத் தடுக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. பம்பாய்ச் சட்டம் தில்லிக்கும் விரிவாக்கப்பட்டது. அச்சட்டப்படி, மீண்டும் மீண்டும் பிடிபடுவோரைப் பத்தாண்டுகள் வரை அடைத்து வைக்கலாம். பசியால் கைந்நீட்டியவன் கள்வனைப்போல் நடத்தப்பட்டான். அவன் கண்ணுக்கு மறைந்தான். ஆனால் அவனை இரக்கச் செய்த வறுமை மறையவில்லை. 2018ஆம் ஆண்டில் தில்லி உயர்நீதிமன்றம், இரத்தலைக் குற்றமாக்கிய பிரிவுகள் அங்குச் செல்லா எனத் தீர்ப்பளித்தது. 2021ஆம் ஆண்டில் இரவலரைத் தெருக்களினின்று அகற்ற ஆணையிடுமாறு வேண்டியபோது, உச்சநீதிமன்றம் அதற்கு இசையவில்லை. இது வறுமையால் விளையும் சமுதாயச் சிக்கல் என்றது. மனநோயுற்று அலைவோரை எந்நிலையிலும் காவல்நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ அடைத்தல் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் விதி. இவ்வாறு சிறைக்கோட்டத்தின் கதவுகள் மெல்லத் திறக்கின்றன.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? வெளியே வருவோர் மீண்டும் தெருவையே அடைவராயின் பயன் யாது? இங்கு ஒன்றைத் தெளிதல் வேண்டும். வீடற்றோர் அனைவரும் இரப்போரல்லர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர் வீடின்றி வாழ்ந்ததாகக் காட்டியது. மூட்டை சுமப்போர், குப்பை பொறுக்குவோர், பூ விற்போர், கட்டட வேலை செய்வோர் எனப் பலர் பகலெல்லாம் உழைத்து, இரவில் தெருவில் உறங்குகின்றனர். மழை பொய்த்து ஊரை விட்டு வந்தோரும், பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோரும், நோயால் வேலை இழந்தோரும் அவருள் உளர். உழைக்க இயலாதபோதே பலர் கையேந்துகின்றனர்.

இந்நிலையை உணர்ந்து, உச்சநீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தது. பெருநகரங்களில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வீதம் அமைத்தல் வேண்டும். அது ஆண்டு முழுதும் இரவும் பகலும் திறந்திருத்தல் வேண்டும் என்பதே அவ்வாணை. சென்னை மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்களின் துணையுடன் காப்பகங்களை நடத்துகிறது. ஆடவர், பெண்டிர், சிறார், முதியோர், மனநலம் குன்றியோர் ஆகியோர்க்குத் தனித்தனி இடங்கள் உள. அரசு மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளருடன் துணை வந்து, தங்க இடமின்றித் தவிப்போர்க்கும் காப்பகங்கள் உண்டு.

காப்பகம் அளிப்பது கூரை மட்டுமன்று. அது ஒரு முகவரியையும் அளிக்கிறது. முகவரி இல்லாதவன் குடும்ப அட்டை பெறுதலும் வங்கியில் கணக்குத் தொடங்குதலும் அரிது. வீடற்றவர் ஒருவர் வாக்காளராக விண்ணப்பித்தால், தேர்தல் அலுவலர் அவர் உறங்குவதாகக் கூறும் இடத்திற்கு இரவில் நேரிற் சென்று பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அவர் அங்கு உறங்குவது உறுதியாயின் வேறு சான்று வேண்டுவதில்லை. தெருவோரத்தில் உறங்குபவரும் இந்நாட்டின் குடிமகனே என்பதை இவ்விதி எவ்வளவு அழகாக எடுத்துரைக்கிறது!

ஆயினும், சட்டமும் காப்பகமும் ஊராரின் அன்பின்றி முழுப்பயன் தாரா. தம் தெருவில் காப்பகம் அமைவதை எதிர்ப்போர், தெருவில் இரப்போர் மிகுதியாயினர் எனக் குறை கூறுதல் பொருந்துமா? பசித்தவர்க்குச் சோறிடுதல் நன்று. அவரைக் காப்பகத்தில் சேர்ப்பித்தல் அதனினும் நன்று. வேலை தந்து தாமே நிற்கச் செய்தல் எல்லாவற்றினும் நன்று. தனித்துத் தவிக்கும் சிறுவரைக் கண்டால் 1098 என்னும் தொலைபேசி எண்ணுக்குத் தெரிவித்தல் மாணவர்க்கும் இயலும்.

அமுதசுரபி இன்று நம் கையில் இல்லை. ஆனால் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய மனம் நமக்கு வாய்த்தல் அரிதன்று. அம்மனம் வாய்க்கும் ஊரில், இரவில் உறங்க இடமின்றி ஒருவரும் வாடார்.