ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9 ஆயிரம் லிட்டர் காற்று!

உங்கள் வீட்டு ஸ்கூட்டரும் காரும் எதைக் குடித்து ஓடுகின்றன?

"பெட்ரோல்" என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

அது பாதிப் பதில்தான். உண்மையில் பாதிகூட இல்லை.

ஒரு கிலோ பெட்ரோல் எரிவதற்குச் சுமார் 15 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் தீருவதற்குள் என்ஜின் ஏறக்குறைய 9 ஆயிரம் லிட்டர் காற்றை உறிஞ்சி விடுகிறது. மொட்டை மாடியில் வைத்திருக்கிறோமே, ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதைப்போல ஒன்பது தொட்டிக் காற்று!

பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறோம். காற்று இனாமாக வருகிறது. அந்த இனாமில் என்ன கலந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

தாம்பரம், பல்லாவரம், முடிச்சூர், மேடவாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பதில் தெரியும். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம்!

பொல்லாத தூசி

தூசி எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்துத் தூசி கொஞ்சம் பொல்லாதது. அதன் தாய் யார் தெரியுமா? பல்லாவரத்துக் கருங்கல்.

இந்தக் கல்லுக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை ஏற்படுத்திய ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை அந்த நகரில் இருக்கிறது. அதன் மேல் பதித்த கல் நம் பக்கத்துக் கல். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியல் அறிஞர் 1893-ம் ஆண்டில் இந்தக் கல் வகைக்கு அவர் பெயரையே வைத்தார். 'சார்னாக்கைட்' என்று உலகம் முழுவதும் புத்தகத்தில் படிக்கிறார்கள்.

பல்லாவரம், திரிசூலம், பம்மல், அனகாபுத்தூர், எருமையூர் என்று எங்கும் இந்தக் கல்லை வெட்டினார்கள். பல குவாரிகள் இப்போது தண்ணீர் நிறைந்த பெரிய பள்ளங்களாகக் கிடக்கின்றன. ஆனாலும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் நம் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. போதாக்குறைக்கு மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் மெட்ரோ ரெயிலுக்காகத் தோண்டிய மண் வேறு.

இந்தக் கல்லிலும் மணலிலும் 'குவார்ட்ஸ்' என்ற படிகம் இருக்கிறது. அது கண்ணாடியைக் கீறும். கத்தியின் இரும்பைவிடக் கடினமானது. அப்படியானால் என்ஜினுக்குள் போனால் என்ன செய்யும்?

என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றி 'ரிங்' என்னும் வளையங்கள் இருக்கின்றன. வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம். அந்த எண்ணெயில் கல் தூசி கலந்தால் அது எண்ணெய் இல்லை. உப்புத்தாள் தேய்ப்பது போல இரும்பைத் தேய்த்துவிடும். பிறகு வண்டி இழுக்காது. புகைபோக்கியில் நீலப் புகை வரும். என்ஜின் ஆயில் மாயமாய்க் குறையும். கடைசியில் மெக்கானிக், "அண்ணே, என்ஜினைப் பிரிக்கணும்" என்பார். அந்தச் செலவு குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் மணல் அவ்வளவு கெடுதி இல்லை. தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறதே, அந்த நுண்தூசிதான் எண்ணெய்ப் படலத்துக்குள் சரியாக நுழைந்து கொள்ளும்.

தூசிக்குத் தோற்ற டாங்கி

இதற்கு ஒரு யுத்தக் கதை உண்டு.

இரண்டாம் உலகப் போரில் ரஷியாவின் டி-34 டாங்கி பெயர் பெற்றது. ஜெர்மானியரைத் திணற அடித்த டாங்கி அது. 1942-ம் ஆண்டில் ரஷியா அதில் ஒன்றை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அபர்டீன் என்ற இடத்தில் இருந்த ராணுவச் சோதனைக் களத்தில் அதை ஓட்டிப் பார்த்தார்கள்.

எவ்வளவு தூரம் ஓடியது? சுமார் 340 கிலோ மீட்டர். தாம்பரத்தில் புறப்பட்டுத் திருச்சியைத் தாண்டி மணப்பாறை போய்ச் சேரும் தூரம். அதற்குள் என்ஜின் பழுது பார்க்க முடியாதபடி கெட்டுப் போயிற்று. குண்டு பட்டு அல்ல. எதிரி சுட்டு அல்ல. காற்று வடிகட்டி சரியில்லாமல் தூசி உள்ளே போனதால்!

பீரங்கிக்கு அஞ்சாத டாங்கிக்கே இந்தக் கதி. நம் ஸ்கூட்டர் எம்மாத்திரம்?

எத்தனை வகை?

காற்று வடிகட்டியைக் கடையில் 'ஏர் பில்டர்' என்றுதான் கேட்போம். இப்போதைய கார்களில் பெரும்பாலும் காகித பில்டர்தான் வருகிறது. விசிறி மடிப்பாக மடித்த காகிதம். அழுக்கானால் தூக்கி எறிந்துவிட்டு வேறு மாட்ட வேண்டும். ஸ்கூட்டர் சிலவற்றில் எண்ணெய் தோய்ந்த காகிதம் வருகிறது. அதையும் கழுவக்கூடாது, காற்றடிக்கவும் கூடாது. மாற்றத்தான் வேண்டும்.

பழைய அம்பாசிடர் காரிலும் ஜீப்பிலும் டிராக்டரிலும் எண்ணெய்த் தொட்டி வடிகட்டி இருந்தது. காற்று எண்ணெயின் மேல் திரும்பும்போது தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயை ஊற்றிவிட்டுப் புது எண்ணெய் விட்டால் தீர்ந்தது. நம் தாத்தா காலத்து 'மறுபடி மறுபடி' பில்டர் அதுதான்!

மொபெட்டுகளில் நுரைப் பஞ்சு பில்டர் உண்டு. அதைக் கழுவி எண்ணெய் தடவி மாட்டலாம். இதே வேலையைக் கார்களுக்குச் செய்யும் பருத்தி பில்டரை அமெரிக்காவின் கே அண்ட் என் கம்பெனி பிரபலமாக்கியது. மெல்லிய பருத்தி வலையைப் பல அடுக்காக வைத்து, இருபுறமும் கம்பி வலை போட்டு, எண்ணெய் தெளித்திருப்பார்கள். "ஒரு முறை வாங்கினால் போதும். கழுவிக் கழுவிப் போடலாம்" என்று விற்கிறார்கள்.

நம் ஊர் இல்லத்தரசிகளுக்கு இது பிடித்த பேச்சு. கழுவிப் பயன்படுத்தும் பொருளை வைத்துக்கொண்டு, தூக்கி எறியும் பொருளை ஏன் வாங்க வேண்டும்? நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூன்று மடங்கு

காகித பில்டர் 400 ரூபாய் என்றும், கழுவும் பில்டர் 5 ஆயிரம் ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நம் தூசியில் காகிதத்தை 10 ஆயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறோம். 5 ஆயிரம் ரூபாய்க்குப் பன்னிரண்டு காகித பில்டர் வரும். அதாவது ஒரு லட்சத்து 20 ஆயிரம் கிலோ மீட்டர் ஓட்டம்.

ஆண்டுக்கு 8 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடும் வீட்டுக் காருக்கு அந்தப் பணம் திரும்ப வர 15 ஆண்டு ஆகும். அதற்குள் காரையே விற்றிருப்பீர்கள்! வாடகைக் கார் ஓட்டுபவர் ஆண்டுக்கு 60 ஆயிரம் ஓடினால் இரண்டே ஆண்டில் பணம் திரும்பிவிடும். கழுவும் மருந்துக்கும் எண்ணெய்க்கும் ஆகும் செலவு தனி.

ஆனால் பணம் மட்டும்தானா கணக்கு?

நல்ல காகித பில்டர் நூறு தூசியில் 99-க்கு மேல் பிடித்துவிடும். எண்ணெய் தெளித்த பருத்தி பில்டர் பொதுவாக அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கும். 97 என்று வைத்துக்கொள்ளுங்கள். "99-க்கும் 97-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? பரீட்சையில் இரண்டு மார்க் குறைந்தால் என்ன?" என்று கேட்கலாம்.

பிடித்ததை எண்ணாதீர்கள். தப்பியதை எண்ணுங்கள். முதல் பில்டரில் ஒரு தூசி தப்புகிறது. அடுத்ததில் மூன்று தப்புகிறது. என்ஜினுக்குள் மூன்று மடங்கு கல் தூசி! நல்ல நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது பெரிதில்லை. டிப்பர் லாரிக்குப் பின்னால் எருமையூர் சாலையில் தினமும் போகிறவருக்கு இது பெரிது.

காகிதத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. கொஞ்சம் தூசி படிந்த பிறகு அது முன்னைவிட நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே இன்னொரு சல்லடை ஆகிவிடுகிறது. ஆகையால் "லேசா அழுக்கு, மாத்திடலாம்" என்று மாதாமாதம் மாற்றுவதும் வீண்.

"கழுவும் பில்டர் போட்டால் மைலேஜ் கூடும்" என்ற பேச்சையும் நம்பி வாங்க வேண்டாம். 2009-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக் கூடத்தில் பில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்துக் கார்களை ஓட்டினார்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடும் புதுக் கார்களில் பெட்ரோல் செலவு சொல்லும்படி கூடவில்லை. வண்டி வேகம் எடுப்பதில்தான் மந்தம் தெரிந்தது. அடைத்த பில்டருக்கே மைலேஜ் குறையவில்லை என்றால், புது பில்டருக்கு எப்படிக் கூடும்?

என் யோசனை இது. வீட்டுக் காருக்குக் கம்பெனி போட்ட காகிதமே போதும். வண்டியோடு வந்தது நுரைப் பஞ்சு என்றால் அதையே கழுவிப் போடுங்கள். நிறைய ஓடும் வண்டிக்குப் பருத்தி பில்டர் வாங்குகிறவர்கள், தூசியை எத்தனை சதவீதம் பிடிக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'ஐ.எஸ்.ஓ. 5011' என்பது இதற்கான உலகச் சோதனை முறை. "காற்று அதிகம் போகும்" என்று மட்டும் எழுதியிருந்தால், தூசியும் அதிகம் போகுமோ என்று கேளுங்கள்.

கழுவுவது ஒரு கலை

கழுவும் பில்டரில் பாதி பலம் பில்டரில். பாதி பலம் கழுவுகிற கையில்.

நுரைப் பஞ்சை மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ முக்கி அழுத்திப் பிழிய வேண்டும். துணி பிழிவது போல முறுக்கினால் கிழிந்து போகும். பெட்ரோலில் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அடுப்பும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அது தீயோடு விளையாட்டு. நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு சுத்தமான எண்ணெயில் நனைத்து, மிச்ச எண்ணெயைப் பிழிந்துவிட்டு மாட்டலாம்.

எண்ணெய் தடவாமல் மாட்டுகிறார்களே, அதுதான் பெரிய தப்பு. காய்ந்த பஞ்சில் நுண்தூசி நிற்காது. எண்ணெய்தான் அதைப் பிடிக்கும் பசை.

பருத்தி பில்டருக்கு அதற்கென்று விற்கும் மருந்தைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும். பிறகு சுத்தமான பக்கத்தில் இருந்து அழுக்குப் பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விடவேண்டும். வாட்டர் சர்வீஸ் குழாயை வைத்துப் பீய்ச்சினால் வலை விலகிவிடும். சூடான காற்றில் காய வைக்கக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது காய ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். அதுவரை வண்டி வாசலில் நிற்கட்டும். பில்டர் இல்லாமல் "கடைக்குத்தானே" என்று ஓட்ட வேண்டாம்.

காய்ந்த பிறகு மடிப்பு மடிப்பாக எண்ணெய் தெளிக்க வேண்டும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கே எண்ணெய் போதவில்லை. எண்ணெய் கூடினாலும் வம்பு. சில கார்களில் காற்றை அளக்கும் மெல்லிய கம்பி இருக்கிறது. எண்ணெய் அதில் படிந்தால் கணக்குத் தப்பி, எச்சரிக்கை விளக்கு எரியும்.

காகித பில்டரை இப்படிக் கழுவலாமா? கூடவே கூடாது. பலமாகக் காற்றடிப்பதும் தப்பு. ஊசித்துளை விழுந்தால் அதன் வழியே தூசி நேராக உள்ளே போகும். லேசாகத் தட்டிப் பாருங்கள். தேறாது என்றால் மாற்றிவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளம் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருகாதீர்கள். முதலில் ஏர் பில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பில்டர் நனைந்திருந்தால் என்ஜினுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. ஸ்டார்ட் செய்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். நனைந்த காகித பில்டர் காய்ந்தாலும் உதவாது.

வெள்ளம் வடிந்தபின் தெருவில் நிற்கும் வண்டல் பத்து நாளில் காய்ந்து மாவாகப் பறக்கும். அந்த மாதங்களில் பில்டரை இரண்டு முறையாவது திறந்து பாருங்கள்.

வெள்ளைத் துணிச் சோதனை

எந்த பில்டர் போட்டாலும் அது வேலை செய்கிறதா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். காசு செலவு இல்லை.

என்ஜினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு பில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பில்டரைத் தாண்டி என்ஜினுக்குப் போகும் குழாய் ஒன்று இருக்கும். அதன் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் நிம்மதி. பழுப்பு மண் ஒட்டிக்கொண்டு வந்தால், தூசி தாண்டிப் போகிறது.

அப்போது பில்டரை மட்டும் திட்ட வேண்டாம். அதைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா? மூடியின் கிளிப் உடைந்து, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறதா? குழாயில் விரிசல் இருக்கிறதா? மூடி இடைவெளி வழியாக வருகிற தூசிக்கு 400 ரூபாய் பில்டரும் ஒன்றுதான், 5 ஆயிரம் ரூபாய் பில்டரும் ஒன்றுதான். முதலில் அந்தக் கிளிப்பை மாற்றிவிட்டு, ஆயிரம் கிலோ மீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ஒரு வெள்ளைத் துணியை எடுங்கள்.