பேர்ண்ட் ஷினைடரும் டூரிங் கார் ஓட்டமும்

போட்டிக்கென்றே ஒற்றை இருக்கையுடன் அமைக்கப்படும் போர்முலா வண்டிகள் ஒருவகை. வீதியிற் காணும் கார்களின் உருவைத் தழுவி அமைக்கப்படும் டூரிங் கார்கள் பிறிதொருவகை. முன்னையதே உயர்ந்ததெனப் பலர் கொள்வர். முன்னையதிற் பின்தங்கிய ஒருவர் பின்னையதில் தலைசிறந்து விளங்கலாம் என்பதற்கு ஜேர்மானியரான பேர்ண்ட் ஷினைடர் சான்றாவார்.

சார்லாந்து மாநிலத்தில் 1964ஆம் ஆண்டு பிறந்த ஷினைடர், 1987இல் ஜேர்மன் போர்முலா மூன்று பட்டத்தை வென்றார். மறுவருடம் சக்ஸ்பீட் அணியிற் சேர்ந்து போர்முலா ஒன்றிற் புகுந்தார். அவ்வணியின் வண்டி வேகங் குன்றியது. 1989இற் பூட்டப்பட்ட யமஹா இயந்திரமும் கைகொடுக்கவில்லை. தகுதிச் சுற்றைக் கடந்தோரே போட்டியில் ஓடலாம் என்பது விதி. 1990 வரை 34 போட்டிகளுக்குப் பதிவுசெய்த அவர் 9 போட்டிகளிலேயே ஓடினார்; ஒரு புள்ளியேனும் பெற்றிலர்.

பின்னர் மேர்சிடிஸ் அணியிற் சேர்ந்து, டீ.டீ.எம். எனப்படும் ஜேர்மன் டூரிங் கார் தொடரில் 1995இற் பட்டம் பெற்றார். செலவு மிகுந்தமையால் 1996உடன் நின்ற அத்தொடர் 2000இற் புத்துயிர் பெற்றது. அப்பொழுது செலவைக் குறைக்கும் பொருட்டுப் பல உறுப்புகள் எல்லா வண்டிகட்கும் பொதுவாக்கப்பட்டன. வண்டிகளிடை வேற்றுமை குறையவே ஓட்டுநரின் திறன் தெளிவாகப் புலனாயிற்று. 2000, 2001, 2003, 2006 ஆகிய ஆண்டுகளிலும் ஷினைடரே வென்றார். அவருக்கு முன் ஐந்து முறை அப்பட்டம் பெற்றார் எவருமிலர்.

2008இல் அத்தொடரினின்று ஓய்வுபெற்றும் அவர் ஓட்டத்தைக் கைவிட்டாரல்லர். 2013இல் நூர்பேர்க்ரிங், ஸ்பா ஆகிய களங்களில் நிகழ்ந்த 24 மணிநேரப் போட்டிகளிரண்டிலும் அவர் இடம்பெற்ற அணிகளே வென்றன.

மேர்சிடிஸின் வலிமையின்றி இவ்வெற்றிகள் எய்தற்கரியன என்பது உண்மையே. எனினும், கருவி குன்றியவிடத்துத் திறன் மறைந்திருக்கும். தக்க கருவி வாய்த்தவிடத்து வெளிப்படும். ஆதலின், தோல்வி ஒன்றைமட்டும் கொண்டு ஒருவரின் தகுதியை அளவிடுதல் முறையன்று.