பிரெஞ்சு நாட்டின் அமைதியான சாலைகள்

பிரெஞ்சு நாட்டையும் மிதிவண்டியையும் சேர்த்து நினைக்கும்போது, 1903-ஆம் ஆண்டு தொடங்கிய டூர் த பிரான்ஸ் என்னும் பந்தயமே பெரும்பாலோர் கருத்தில் முதலில் தோன்றும். வண்ணச் சட்டை அணிந்த வீரர்கள், சாலையின் இருமருங்கும் ஆரவாரிக்கும் மக்கள், மலை உச்சியை நோக்கி நடக்கும் போட்டி ஆகியவை அதன் காட்சிகள். ஆனால் அந்நாட்டில் மிதிவண்டிக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. அங்கே போட்டி இல்லை, ஆரவாரம் இல்லை, பரிசும் இல்லை. சிற்றூருக்கும் சிற்றூருக்கும் இடையே கிடக்கும் குறுகிய சாலைகளில், மோட்டார் வண்டிகளின் தொல்லையின்றி, நாளொன்றுக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் மெல்லச் செல்லும் வாழ்வு அது. நடுப் பிரான்சில் உள்ள கிரூஸ் என்னும் மாவட்டத்தில் ஒரு வாரம் இவ்வாறு சுற்றி வந்தேன். அந்தச் சாலைகள் ஏன் அவ்வளவு அமைதியாக இருக்கின்றன என்ற கேள்வி அப்போது என் உள்ளத்தில் எழுந்தது. அதற்கு நான் அறிந்த விடையை மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சாலைகளின் அளவைப் பார்ப்போம். பிரான்சில் ஏறத்தாழ 11 லட்சம் கிலோமீட்டர் நீளமுள்ள சாலைகள் இருக்கின்றன. அவற்றுள் விரைவு நெடுஞ்சாலைகளும் தேசியச் சாலைகளும் சேர்ந்து நூற்றில் இரண்டு பங்கு அளவே. எஞ்சியவை எல்லாம் மாவட்டங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் உரிய சிறிய சாலைகள். ஊராட்சியை அவர்கள் கொம்யூன் என்பர். நம் புதுச்சேரியில் இன்றும் வழங்கும் சொல்தான் அது. அத்தகைய கொம்யூன்கள் அந்நாட்டில் ஏறத்தாழ 35,000 உள்ளன. மிகப் பலவற்றில் ஐந்நூறு பேர்கூட இல்லை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர்மன்ற வீடு உண்டு. அண்டை ஊர்கள் எல்லாவற்றுக்கும் தார் போட்ட வழி உண்டு.

இச்சாலைகளை இனங்கண்டுகொள்வது எளிது. தேசியச் சாலையின் கிலோமீட்டர் கல்லுக்குத் தலை சிவப்பு. மாவட்டச் சாலையின் கல்லுக்குத் தலை மஞ்சள். மிஷெலின் நிறுவனத்தார் அச்சிடும் நிலப்படங்களிலோ பெரிய சாலைகள் சிவப்பாகவும், அடுத்தவை மஞ்சளாகவும், மிகச் சிறியவை வெள்ளையாகவும் தீட்டப்பட்டிருக்கும். கண்ணுக்கினிய காட்சிகள் உள்ள வழியின் ஓரத்தில் பச்சைக் கோடு ஒன்று ஓடும். மிதிவண்டியில் செல்பவன் காலையில் படத்தை விரித்து, சிவப்பை விலக்கி, மஞ்சளைச் சிறிதளவே ஏற்று, வெள்ளையை நாடுகிறான். அன்றைய பயணத்தின் அமைதி அங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது.

இத்தனை சிறு சாலைகள் எவ்வாறு தோன்றின? 1836-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சிற்றூர்களை இணைக்கும் வழிகளைப் பேணுவது அந்தந்தக் கொம்யூனின் கடமை என்று அது விதித்தது. பணம் இல்லாத ஊர் என்ன செய்யும்? அதற்கும் சட்டம் வழி சொன்னது. வரி செலுத்தும் ஒவ்வொரு குடும்பத் தலைவரும், வீட்டிலுள்ள உடல் நலமுடைய ஆடவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு மூன்று நாள் வரை சாலை வேலை தரவேண்டும். வண்டியும் இழுக்கும் விலங்கும் இருந்தால் அவற்றையும் தரவேண்டும். விரும்பினால் ஈடாகப் பணம் செலுத்தலாம். உழவர்கள் கல் உடைத்தார்கள், பள்ளம் நிரப்பினார்கள், வடிகால் வெட்டினார்கள். இன்று நாம் இன்பமாகச் செல்லும் பல சாலைகள் அம்மக்கள் சந்தைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் போவதற்காகத் தம் உழைப்பால் ஆக்கிக்கொண்டவை. எனவேதான் அவை நேராக ஓடாமல், பண்ணை வீடுதோறும் எட்டிப் பார்ப்பதுபோல் வளைந்து வளைந்து செல்கின்றன.

சாலை பிறந்த கதை இது. அமைதி பிறந்த கதை வேறு. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதற் காரணம், விரைந்து செல்வோருக்கு வேறு வழி கிடைத்ததாகும். வடக்கே லீல் நகரிலிருந்து பாரிஸ் வழியாகத் தெற்கே மர்சேய் வரை விரைவு நெடுஞ்சாலை 1970-இல் இடையறாது இணைந்தது. பின்னர் நாட்டின் பிற பகுதிகளிலும் அத்தகைய சாலைகள் பரவின. கிரூஸ் மாவட்டத்திலும் சரக்கு வண்டிகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகச் செல்லும் பெருஞ்சாலையில் ஓடுகின்றன. அதிலிருந்து பிரிந்து நாலைந்து கிலோமீட்டர் சென்றால் அவற்றின் ஓசைகூட எட்டுவதில்லை.

இரண்டாம் காரணம் துயரமானது. அச்சாலைகளை அமைத்த மக்கள் அங்கே இப்போது இல்லை. கிரூஸ் கருங்கல் பூமி. விளைச்சல் குறைந்த மண். அவ்வூர் ஆடவர்கள் கொத்தனார் வேலையில் வல்லவர்கள். வசந்தம் தொடங்கும்போது கூட்டம் கூட்டமாகப் பாரிஸுக்குச் சென்று கட்டட வேலை செய்து, குளிர்காலத்தில் ஊர் திரும்புவார்கள். மார்த்தேன் நாதோ என்பவர் அவர்களுள் ஒருவர். 1830-இல், பதினான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோது, தந்தையுடன் கால்நடையாகப் புறப்பட்டுச் சென்று கொத்தனாரானார். பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். காலப்போக்கில் சென்றவர்கள் திரும்புவது குறைந்தது. குடும்பங்களும் நகரத்தில் நிலைத்தன. பிறகு 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போர் இளைஞர்களை வாரிக்கொண்டு போனது. 1851-ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,87,000. இன்று அது 1,20,000-க்கும் குறைவு.

இந்த எண்களைச் சாலையிலேயே கண்ணால் காணலாம். நான் கடந்து சென்ற சிற்றூர்களில் எல்லாம் போர் நினைவுத் தூண் ஒன்று நின்றது. முப்பது வீடுகள் உள்ள ஓர் ஊரின் தூணில் இருபதுக்கு மேற்பட்ட பெயர்களை எண்ணினேன். அவற்றுள் ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வந்தது. அருகே பள்ளிக்கூடம் என்று கல்லில் பொறித்த ஒரு கட்டடம் பூட்டிக் கிடந்தது. ஊரைத் தாண்டியதும் மீண்டும் அந்த இனிய அமைதி. செந்நிற லிமூசேன் மாடுகள் வேலிக்கு அப்பால் தலை தூக்கிப் பார்த்தன. செஸ்ட்நட் மரங்களின் நிழல் சாலையை மூடியிருந்தது. என் வண்டிச் சங்கிலியின் மெல்லிய ஒலி எனக்கே கேட்டது. ஒரு மணி நேரத்தில் என்னைக் கடந்து சென்றவை அஞ்சல் நிலையத்தாரின் மஞ்சள் வண்டி ஒன்றும் உழவர் ஒருவரின் டிராக்டர் ஒன்றுமே. இன்பமும் வருத்தமும் ஒருங்கே தரும் அமைதி அது.

மேடும் பள்ளமுமான இத்தகைய நாட்டில் சாதாரண மனிதனும் மிதிவண்டியில் செல்ல முடிகிறதென்றால், அதற்கு நன்றி கூறவேண்டிய பெரியார் ஒருவர் உண்டு. வெலோசியோ என்னும் புனைபெயர் கொண்ட போல் தெ விவி (1853–1930) என்பவரே அவர். சேந்த் எத்தியேன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த இவர், 1887-இல் மிதிவண்டி இதழ் ஒன்றைத் தொடங்கினார். ஒரே பற்சக்கரம் உள்ள வண்டியே வீரனுக்கு அழகு என்று பலர் எண்ணிய காலத்தில், வேகத்தை மாற்றும் பல பற்சக்கரங்கள் வேண்டும் என்று இடைவிடாது வாதாடினார்.

அதன் பயனைச் சிறு கணக்கால் அறியலாம். மிதிகட்டையோடு இணைந்த முன்சக்கரத்தில் 40 பற்களும் பின்சக்கரத்தில் 20 பற்களும் இருந்தால், மிதி ஒருமுறை சுழலும்போது வண்டிச் சக்கரம் இருமுறை சுழலும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் எனக் கொண்டால் வண்டி 4.2 மீட்டர் முன்னேறும். முன்னும் பின்னும் 30 பற்கள் இருந்தால் 2.1 மீட்டரே முன்னேறும்; ஆனால் கால் தரவேண்டிய விசையும் பாதியாகிவிடும். சமவெளிக்கு முன்னது, ஏற்றத்துக்குப் பின்னது. இவ்வளவு எளிய உண்மையை ஏற்க டூர் த பிரான்ஸ் பந்தயத்தார்க்கு 1937 வரை காலம் பிடித்தது. வெலோசியோ அதைக் காண உயிரோடு இல்லை.

கருவி மட்டும் போதாது, ஓய்வும் வேண்டும். 1936 ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்கு ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறை சட்டத்தால் கிடைத்தது. அவ்வாண்டுக் கோடையில் இளந்தம்பதியர் பலர் இருவர் மிதிக்கும் நீண்ட சைக்கிள்களில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு நாட்டுப்புறம் நோக்கிக் கிளம்பினர். தம் நாட்டையே முதன்முறையாகக் கண்டவர்கள் அவர்களுள் பலர்.

இச்சாலைகளில் செல்ல விரும்புவோர்க்கு வெலோசியோ சொன்ன அறிவுரைகள் இன்றும் பொருந்தும். பசி வருமுன் உண்ண வேண்டும். தாகம் வருமுன் பருக வேண்டும். களைத்து வீழும் அளவுக்குப் போகக்கூடாது. தற்பெருமைக்காக ஒருபோதும் மிதிக்கக்கூடாது என்பன அவற்றின் சாரம். புலால் உண்ணாதவராகிய அவர், பயணத்தின்போதேனும் இறைச்சியையும் மதுவையும் புகையிலையையும் தவிர்க்குமாறு கூறினார். நான் கண்டறிந்த சிலவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பகல் பன்னிரண்டு மணிக்குச் சிற்றூர்க் கடைகள் மூடிவிடும். இரண்டு மணிக்கு முன் பெரும்பாலும் திறவா. ஆகையால் ரொட்டியைக் காலையிலேயே வாங்கிவிட வேண்டும். குடிநீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுக. அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். பலகை ஒன்றும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வரும் வண்டிக்கே முதல் உரிமை என்பதை மறவாதீர்கள். ஊர்ப்புறச் சாலையில் மிதிவண்டியைத் தாண்டிச் செல்லும் கார் ஒன்றரை மீட்டர் விலகிச் செல்ல வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

அந்த அமைதி முழுவதும் நன்மையே என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் ஊரில் மக்கள் குறைந்தால் பள்ளி மூடும். பின்பு அஞ்சலகம் மூடும். கடைசியில் ரொட்டிக் கடையும் மூடும். அதன் பிறகு அவ்வூர்ச் சாலை மேலும் அமைதியாகும். ஆனால் அச்சாலையில் செல்பவனுக்கு உணவும் கிடைக்காது, பேச ஓர் ஆளும் கிடைக்க மாட்டார். இதை உணர்ந்த பயணிகள் நகரத்திலிருந்து உணவு கட்டிக்கொண்டு வருவதில்லை. வழியில் திறந்திருக்கும் சிற்றூர்க் கடையில் இறங்கி, கடைக்கார அம்மையாருக்கு முதலில் வணக்கம் சொல்லி, தமக்குரிய ரொட்டியை அங்கேயே வாங்குகின்றனர். சாலையைத் தந்த ஊருக்குப் பயணி செய்யக்கூடிய கைம்மாறு சிறிதுதான். அதையும் செய்யாமல் அந்த அமைதியை மட்டும் அனுபவித்துவிட்டுப் போவது முறையன்று.